இழுப்பறை விரிப்பு

அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் கிடையாது. டூல் ரூமின் சாவிக்கொத்து பதினோரு வருடமாக அவள் இடுப்பிலேயே தொங்கியதால் சாவி அக்கா என்று ஆகிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிப்போய், கொஞ்சம் பிடித்தும் போனது.

தண்ணீர் பம்புகளுக்கான தண்டுகளையும் வளையங்களையும் கடைந்து தருகிற பட்டறை அது. ஏறக்குறைய அறுபது பேர் வேலை பார்த்தார்கள். மூலையில் கம்பிவலை அடித்த அறைதான் டூல் ரூம். உள்ளே நான்கு இரும்பு அலமாரிகள், மொத்தம் முப்பத்து நான்கு இழுப்பறைகள். துளை போடும் பிட்டுகள், கடைசல் உளிகள், ஸ்பேனர்கள் எல்லாம் மூன்று அலமாரிகளில். நான்காவதில் அளவுக் கருவிகள். முடியிழையின் கனத்தைக்கூடச் சொல்லிவிடும் மைக்ரோமீட்டர்கள், வளையத்தின் ஓட்டை சரியான அளவில் இருக்கிறதா என்று நுழைத்துப் பார்க்கும் கேஜுகள். இவற்றை அவள் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கிற மாதிரி துடைத்து வைப்பாள்.

எல்லாம் ஒரு மைக்ரோமீட்டர் உருண்டதில் தொடங்கியது. கிரைண்டிங் மெஷினில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அவசரத்தில் இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தார். வெற்றுத் தகரத்தின் மேல் கருவி சறுக்கிக்கொண்டு போய் முன்பக்க விளிம்பில் மோதி, அதன் முனையில் சின்னதாக ஒரு சில்லு தெறித்தது. அந்தப் பெரியவருக்குப் பட்டறையில் மைக்ரான் என்று பட்டப்பெயர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் எப்போதும் பேசுவார். வீட்டில் மனைவியோடு சண்டை வந்தால்கூட ரெண்டு மைக்ரான் விட்டுக்கொடு என்று கேட்பார் என்பார்கள்.

"தப்பு என் பேர்லதான்," என்றார் அவர். "ஆனா அக்கா, இதுக்கு அடியில மெத்துன்னு எதையாவது போட்டிருந்தா இது நடந்திருக்காது. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

அவளும் மேனேஜரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். இந்தத் தடவை சில்லு தெறித்த கருவியையே கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேனேஜர் சொன்னார்: "சரி, எல்லா இழுப்பறைக்கும் விரிப்பு போட்டுடலாம். எது நல்லதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஆனா கம்பெனிக்காரன் விக்கிற அந்த ரெடிமேட் அயிட்டமெல்லாம் வேண்டாம், கட்டுப்படியாகாது. குறைஞ்ச விலையில நாலு நாள் உழைக்கிற மாதிரி எதையாவது தேடுங்க."

நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று பதினோரு வருடத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது ரப்பர் கடை, மெத்தைக் கடை, வீட்டுச் சாமான் கடை என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டே போனாள். கடைக்காரர்களிடம் கேட்டு உள்ளங்கை அளவுக்குத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டாள். ஒருத்தர் சும்மா கொடுத்தார். இன்னொருத்தர், என்னம்மா பொம்மைக்குப் பாய் விரிக்கப் போறியா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

ஐந்து துண்டுகள் சேர்ந்தன. கம்பளி மாதிரியான துணி ஒன்று. சமையலறை அலமாரியில் பாத்திரம் வழுக்காமல் இருக்கப் போடும் வலைப்பின்னல் விரிப்பு ஒன்று. பழைய டயரை அரைத்துச் செய்த கறுப்பு ரப்பர் ஷீட் ஒன்று. எண்ணெய்க்கு அசையாத உயர்ந்த ரப்பர் ஒன்று. கடைசியாக, உடற்பயிற்சி செய்கிறவர்கள் தரையில் விரித்துக்கொள்ளும் நுரைப் பாயிலிருந்து வெட்டியது ஒன்று.

வீட்டில் குளியலறைக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரம் கசிகிற ஒரு மூலை இருந்தது. அங்கே ஒரு பலகையைப் போட்டு, ஐந்து துண்டுகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பளபளவென்று தேய்த்த ஒரு இரும்பு வாஷரை வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சொட்டு மெஷின்களில் ஊற்றும் கூலன்ட்.

"என்ன அண்ணி, வீட்டுலயே லேப் ஆரம்பிச்சுட்டீங்க," என்று அவள் கொழுந்தன் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

கணவனின் தம்பி. அதே பட்டறையில்தான் கொள்முதல் பிரிவில் இருந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்து, அதை மூடிவிட்டு, இரண்டு வருடம் முன்னறையில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவள்தான் மேனேஜரிடம் நடையாய் நடந்து, கெட்டிக்காரப் பையன், ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று கேட்டு வேலையில் சேர்த்துவிட்டாள். சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்பது தெரியும்.

பத்து நாள் கழித்துப் பார்த்தாள். கம்பளித் துணி எண்ணெயையும் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொதசொதவென்று கிடந்தது. வலைப்பின்னலின் ஓட்டைகளில் தூசி போய் அடைந்திருந்தது. உயர்ந்த ரப்பர் அப்படியே இருந்தது, ஆனால் விலை எட்டாது. நுரைப் பாயும் அப்படியே இருந்தது. ஒரு துணியால் துடைத்ததும் புதிதுபோல் ஆகிவிட்டது, விலையும் மலிவு. டயர் ரப்பரின் மேலிருந்த வாஷரை எடுத்தபோதுதான் அவள் மூக்கைச் சுளித்தாள். தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு நாற்றம். வாஷரின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். கொழுந்தனும் வந்து குனிந்து பார்த்தான்.

மறுநாள் மைக்ரானிடம் காட்டினாள். "இதுல கந்தகம் இருக்கும் அக்கா. ஈரம் பட்டா இரும்பைத் தின்னுடும். இத மட்டும் தொடாதீங்க," என்றார்.

ஒரு முழுத்தாளில் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதினாள். நுரைப் பாய்க்கு எதிரே ‘இதை வாங்கலாம்’ என்று எழுதினாள். டயர் ரப்பருக்கு எதிரே ‘வேண்டாம், இரும்பில் புள்ளி விழுகிறது’ என்று எழுதினாள். மேனேஜர் ஃபோனில் பேசிக்கொண்டே தாளின் கீழே கையெழுத்துப் போட்டு, கொள்முதலுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சைகை காட்டினார். அவள் ஒரு நகல் எடுத்துத் தன் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மற்றதைக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம், டூல் ரூம் வாசலில் இரண்டு பெரிய சுருள்கள் வந்து இறங்கின. கிட்டே போகாமலேயே நாற்றம் வந்தது.

அவள் நேராகக் கொள்முதல் அறைக்குப் போனாள். கொழுந்தன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து கதவைச் சாத்தினான்.

"அண்ணி, ஒரு நிமிஷம். நான் சொல்றதக் கேளுங்க."

"நான் எழுதிக் குடுத்தது என்ன, நீ வாங்கியிருக்கறது என்ன?"

"நீங்க சொன்ன மேட்ல பாதி விலைதான் அண்ணி. கடையில மிச்சமா கிடந்த சுருளு, தள்ளி விட்டுட்டான். மேனேஜர் இந்த மாசம் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னை எந்திரிக்கச் சொன்னாரு. செலவக் குறைக்கறதுன்னா இப்படிக் குறைக்கணும்னு சொன்னாரு. என் வாழ்க்கையில ஒருத்தன் எனக்குக் கை தட்டினது அன்னிக்குத்தான்."

"அது இரும்பைத் தின்னும்டா. நீயே பாத்தியே, வீட்டுல."

"பாத்தேன். இல்லேங்கல. இன்னும் மூணு வாரத்துல எனக்கு முடிவு சொல்லப் போறாங்க. இப்பப் போய் இதத் திருப்பி அனுப்பினா நான் என்ன ஆவேன் சொல்லுங்க. ரெண்டே மாசம் அண்ணி. வேலை நிரந்தரமானதும் நானே வேற காரணம் சொல்லி நல்ல மேட் வாங்கிப் போட்டுடறேன். உங்க தலைமேல சத்தியம்."

முன்னறையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த அந்த இரண்டு வருடத்து முதுகு நினைவுக்கு வந்தது. அவன் சாப்பிடாமல் கிடந்த நாள்களில் மாமியார் தட்டை அவள் கையில் கொடுத்து, நீ சொன்னாத்தான் சாப்பிடுவான் என்று அனுப்பியது நினைவுக்கு வந்தது. அவள் சொன்னால் அவன் சாப்பிடவும் செய்தான்.

"ரெண்டு மாசம்தான்," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை அரை நாள் வேலை. எல்லோரும் போன பிறகு அவள் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு இழுப்பறையாகக் காலி செய்து, அளவெடுத்து, கத்தியால் ரப்பரை வெட்டி விரித்தாள். முப்பத்து நான்கையும் முடித்தபோது விரல் நுனிகளெல்லாம் கறுத்துப்போயிருந்தன. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை. பார்வைக்கு மட்டும் நன்றாகத்தான் இருந்தது. கறுப்புமேல் வெள்ளிக் கருவிகள் எடுப்பாகத் தெரிந்தன. திங்கட்கிழமை வந்து பார்த்த மேனேஜர், நகைக்கடை மாதிரி இருக்கே என்று பாராட்டினார்.

மைக்ரான் மட்டும் இழுப்பறையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இரட்டிப்பானது. தினமும் சாயங்காலம் எல்லோரும் கை கழுவப் போகும் நேரத்தில் அவள் அளவுக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்தாள். காலையில் பிரித்துத் திரும்பவும் துடைத்தாள். ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அந்த இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்தபோதும் விடுப்பு எடுக்கவில்லை.

கொழுந்தனுக்கு வேலை நிரந்தரமானது. வீட்டில் எல்லோருக்கும் புதுத் துணி எடுத்தான். அண்ணிக்குத்தான் விலை உயர்ந்தது. இரண்டு மாதம் முடிந்தது. அவள் நினைவுபடுத்தினாள். "அடுத்த வாரம் அண்ணி," என்றான். அடுத்த வாரம், "இப்ப நிதி நெருக்கடின்னு சொல்றாங்க, கொஞ்சம் பொறுங்க," என்றான். அதற்கடுத்து அவள் கேட்டபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதான் ஒண்ணும் ஆகலையே," என்றான்.

ஒன்றும் ஆகாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாதா, தெரிந்தும் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்தபோது மாமியாருக்குக் கண்ணில் ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள். கணவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வெளியூர்ப் பயணத்தில் இருந்தான். கொழுந்தன் கணக்கு முடிக்கும் வாரம் என்றான். ஆஸ்பத்திரியில் கூட இருக்க அவளைத் தவிர ஆளில்லை. நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். போவதற்கு முன் சாவிக்கொத்தைக் கொழுந்தனிடம் கொடுத்து, படித்துப் படித்துச் சொன்னாள்: "சாயங்காலம் நாலாவது அலமாரியத் தொறந்து எல்லாத்தையும் எண்ணெய்த் துணியால தொடச்சிடு. பத்து நிமிஷ வேலைதான். மறந்துடாத."

"நீங்க அம்மாவப் பாத்துக்குங்க அண்ணி. இத நான் பாத்துக்கறேன்."

நான்கு நாளும் மழை விடவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் கட்டுப் போட்ட மாமியாருக்கு ஊட்டிவிட்டு, மணிக்கு ஒரு தடவை கட்டை விலக்கிச் சொட்டு மருந்து போட்டாள். மாமியார் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

ஐந்தாம் நாள் காலையில் போய் நான்காவது அலமாரியைத் திறந்தாள். முதல் இழுப்பறையை இழுத்தாள். கேஜுகளின் மேல் அம்மைத் தழும்புபோலப் பழுப்புப் புள்ளிகள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். ரப்பரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் முழுவதும் சொரசொரவென்று அரித்திருந்தது. இரண்டாவது இழுப்பறை, மூன்றாவது, எல்லாம் அதேபோல். எண்ணெய்த் துணி, அவள் மடித்து வைத்த இடத்தில் மடித்தபடியே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நான்கு நாளில் துரு ஏறிய கேஜை வைத்து அளந்து அனுப்பிய வளையங்கள் ஒரு லாரி நிறையத் திரும்பி வந்தன. ஒன்றுகூடத் தண்டில் சேரவில்லை என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வருகிறார் என்று செய்தி வந்தது.

விசாரணை அன்று காலையில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கணவன் பின்னாலேயே வாசலுக்கு வந்தான். இரண்டு நாள் முன்புதான் பயணத்திலிருந்து திரும்பியிருந்தான்.

"அவன் பேர இழுத்துடாத."

"கேட்டா என்ன சொல்றது?"

"எல்லாரும் சேந்துதான் முடிவு பண்ணோம், தப்பாப் போச்சுன்னு சொல்லு. நீ பழைய ஆளு, உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவன் இப்பத்தான் நிமிந்து நிக்கறான். திரும்பவும் அந்த ரூம்ல படுத்துட்டான்னா அம்மா தாங்க மாட்டாங்க."

அவள் தலையாட்டினாள். உண்மையாகவே அப்படித்தான் சொல்வதாக இருந்தாள். பஸ்ஸில் போகும்போது அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்.

மேனேஜர் அறையில் மேசைக்குப் பின்னால் அந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவள் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்ட பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசினார். பக்கத்தில் மேனேஜர். எதிரே இரண்டு நாற்காலிகளில் அவளும் கொழுந்தனும். மேசைமேல் துருப்பிடித்த ஒரு கேஜும் ரப்பர்த் துண்டு ஒன்றும் இருந்தன.

"இந்த விரிப்பத் தேர்ந்தெடுத்தது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் பேசினான். "டூல் ரூம்ல இருக்கறவங்கதாங்க. எனக்கு இந்தக் கருவியெல்லாம் தெரியாது. நான் விலை மட்டும்தான் பாப்பேன். சரக்கு வந்ததும் அவங்ககிட்டக் குடுத்தேன். அவங்க கையாலதான் வெட்டி விரிச்சாங்க. சரியில்லாததா இருந்தா அவங்க விரிச்சிருப்பாங்களா?"

அண்ணி என்றுகூடச் சொல்லவில்லை. டூல் ரூமில் இருக்கிறவர்கள். அவன் தன் முழங்காலைப் பார்த்தபடி பேசினான். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அவளுக்கு மறந்துபோனது. கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த அந்த நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் தேர்ந்தெடுத்தது இதுங்க. பத்து நாள் வெச்சுப் பாத்து எழுதினது. இந்த ரப்பர் வேண்டாம்னு நானே எழுதியிருக்கேன். கீழ சாரோட கையெழுத்தும் இருக்கு."

மேனேஜர் நாற்காலியில் அசைந்தார். "தினமும் அம்பது தாள்ல கையெழுத்துப் போடறேன்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அதிகாரி தாளை முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். அவர் படிக்கப் படிக்க அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இந்தப் பெண்ணுக்குப் புரியும் என்று நினைத்தாள்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க," என்றார் அதிகாரி. "இவ்வளவு ஒழுங்கா ஒரு சோதனைய எங்க ஆபீஸ்லயே யாரும் பண்ண மாட்டாங்க." பிறகு தாளை மேசையில் வைத்து, விரலால் அந்த வரியைத் தொட்டார். "இந்த ரப்பர் இரும்புல புள்ளி விழ வைக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"சுருள் வந்து இறங்கின அன்னிக்கு இது அந்த ரப்பர்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மேனேஜர்கிட்ட எழுத்துல குடுத்தீங்களா?"

"இல்லங்க."

"வாயால?"

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள்.

"அப்புறம் யாரு விரிச்சது?"

"நான்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உண்மையில் வருத்தமாகத்தான் இருந்தார். "இவரு விலைய மட்டும்தான் பாத்தேன்னு சொல்றாரு. மேனேஜர் படிக்கலைன்னு சொல்றாரு. அதெல்லாம் தப்புதான், ஆனா தெரியாம நடந்த தப்பு. இந்த ரூம்ல தெரிஞ்சே செஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். அதுக்கு ஆதாரமும் நீங்களே குடுத்துட்டீங்க."

அவனுக்குத் தெரியும், என் வீட்டில் குனிந்து பார்த்தான், தலைமேல் சத்தியம் பண்ணினான், நான் அவன் அம்மாவுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்த நான்கு நாளும் துடைக்கிறேன் என்றுவிட்டுத் துடைக்காமல் இருந்தான். இவை எல்லாமே அவள் நாக்கு நுனிவரை வந்தன. சொல்லவும் செய்தாள், முழுதாக இல்லாவிட்டாலும், முன்னுக்குப் பின்னாக. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது உங்க குடும்ப விஷயம்," என்றார். கொழுந்தன் அப்போதும் தலையைத் தூக்கவில்லை.

சாவிக்கொத்தை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். பழைய ஆள் என்பதால் வேலையை விட்டு எடுக்கவில்லை. பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். கொழுந்தனுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. மேனேஜருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஒன்றும் ஆகாத மாதிரிதான் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார்.

வீட்டுக்கு அவளுக்கு முன்பே செய்தி போய்விட்டது. மாமியார் கட்டுப் பிரித்த கண்ணால் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெளியாள் முன்னாடி வீட்டுப் பிள்ளையக் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கறா," என்று சுவரிடம் சொன்னாள்.

"அத்தை, அவன் முதல்ல என்னைச் சொன்னான்."

"அவன் சின்னவன். பயந்துட்டான். உனக்கு எங்க போச்சு புத்தி?"

சின்னவனுக்கு முப்பத்திரண்டு வயது.

கணவன் அவள் கை கால் கழுவும்வரை காத்திருந்து, சமையலறைக்குள் வந்து நின்றான். அவன் கத்துகிறவன் இல்லை. "நான் சொன்னபடியே பேசியிருக்கலாம்ல?"

"அவன் பேசினதக் கேட்டிருந்தா நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க."

"பேசட்டுமே. நீ வாய மூடிக்கிட்டிருந்தாலும் உன்னை பேக்கிங்குக்குத்தான் மாத்தியிருப்பாங்க. பேசினதுல என்ன கிடைச்சுது? அதே பேக்கிங்தான். வீட்டுல ஒருத்தருக்கு ஒருத்தர் மூஞ்சியாவது பாத்துக்கிட்டிருப்போம்."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் கழித்துக் கொழுந்தன் அவள் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, அந்த நேரத்துல எனக்கு வேற எதுவும் தோணல. வாய்க்கு வந்தது அதுதான்."

அவள் ஒரு சட்டையின் கையை உள்பக்கம் மடித்தாள். அவனுடைய சட்டைதான்.

"ஏதாவது சொல்லுங்க அண்ணி. திட்டவாவது செய்யுங்க."

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். போட்டுக்க," என்றாள்.

அவன் சமையலறைப் பக்கம் போனான். அவன் அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், அழவில்லை. தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. பசியோடு சாப்பிட்டான்.

பேக்கிங்கில் வேலை எளிது. வளையங்களைத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்ட வேண்டும். யோசிக்க எதுவும் இல்லை. சாவி இடுப்பில் இல்லாததால் அங்கே அவளை என்னவென்று கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தாங்க, இங்க பாருங்க என்று கூப்பிட்டார்கள். ஒரு மதியம் மைக்ரான் டீ கிளாஸோடு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார். டூல் ரூமுக்கு வந்த புது ஆளுக்கு எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, உளியைக் கேட்டால் ஸ்பேனரை நீட்டுகிறான் என்றார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அன்னிக்கு நீங்க மோந்து பாத்தீங்க," என்றாள் அவள்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "பாத்தேன். உங்க வீட்டு விஷயம்னு விட்டுட்டேன் அக்கா," என்று சொல்லிவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் வருவது குறைந்தது.

நான்கு மாதம் போனது. கொழுந்தன் சம்பளம் உயர்ந்து, இரண்டு தெரு தள்ளித் தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டான். மாமியாரும் அவனோடு போவதாக முடிவானது. எதுவும் கோபத்தில் இல்லை, அங்கே அறை பெரிது, வெளிச்சம் கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கட்டில், பீரோ, மாமியாரின் பெட்டி எல்லாம் ஏறின. முன்னறை காலியாகி, சுவரில் கட்டில் உரசிய தடம் மட்டும் தெரிந்தது.

"கிளம்பு," என்றான் கணவன். "அங்க எல்லாத்தையும் எடுத்து அடுக்கணும். அம்மாவால முடியாது. அவனுக்கும் ஒண்ணும் தெரியாது."

வண்டியின் முன் இருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் பின்னால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் வரல," என்றாள்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வரல."

கணவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்து, வண்டியைத் திரும்பிப் பார்த்து, கேட்காமல் போய் ஏறிக்கொண்டான். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். தலைக்குக் குளித்தாள். தனக்கு மட்டும் ஒரு பிடி சமைத்து, அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டாள். பிறகு காலியான முன்னறையில், வெறும் தரையில், சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் கணவன் திரும்பி வந்து விளக்கைப் போட்டபோதும் அவள் தூங்கியிருக்கவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவன் விளக்கை அணைத்துவிட்டுத் தானே டீ போடப் போனான்.